ஒப்பமில்லாத காணியில் நாற்பத்தைந்து ஆண்டுகள்: எங்களை எந்த ஊரவர் என்று எழுதுவது?

கேள்வி: நாலாம் கட்டையிலிருந்து ஒருத்தி

அனைவருக்கும் வணக்கம். காணி விடயங்களை அறிந்தவர்களும் திருகோணமலையில் நீண்டகாலம் வாழ்ந்தவர்களும் இங்கே இருப்பதால், எங்கள் குடும்பத்து நிலைமையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனது தாயாரின் தகப்பனார் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயலில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) எரிக்கப்பட்ட பின்னர், மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, திருகோணமலையில் விறகுக் காலையொன்றில் (விறகுக் கிடங்கில்) வேலை செய்த ஓர் உறவினரை நம்பி இங்கே வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் காலையின் பின்புறத் தாழ்வாரத்தில் கழிந்தன. பிறகு கண்டி வீதியில் நாலாம் கட்டைக்கு உள்ளே, அப்போது பற்றைக்காடாகக் கிடந்த இடத்தைத் துப்புரவாக்கிக் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டார்கள். 1990 ஜூனில் எல்லாவற்றையும் விட்டு வவுனியாவுக்கு ஓடி, முகாமில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கிணறு மட்டுமே எஞ்சியிருந்தது. அதே கிணற்றடியில் முதலில் தறப்பாள் கூடாரம், பின்னர் தகரம், பின்னர் அரைச்சுவர் என்று படிப்படியாக எழும்பியதே இன்றைய எங்கள் கல்வீடு. மின்சாரம் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. காணிக்கு மட்டும் ஒப்பம், அதாவது அரசு தரும் அனுமதிப்பத்திரம், உட்பட எந்த எழுத்தும் இல்லை. அது அரச காணி என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

இப்போது ஒருவர் வந்து, மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்தால் நொத்தாரிசு மூலம் "ஆட்சி உறுதி" எழுதித் தருவதாகவும், பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் காணி தானாகவே எங்களுக்கு உரியதாகிவிடும் என்றும் கூறுகிறார். அயலில் இரண்டு வீட்டார் முற்பணம் கொடுத்துவிட்டார்கள். இது சரிதானா? இன்னும் இரண்டு ஆண்டுகளில் மகளை நகரத்துப் பாடசாலை ஒன்றில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். உறுதியோ ஒப்பமோ இல்லாமல் எங்களை நகர வாசிகளாக ஏற்றுக்கொள்வார்களா?

மூன்றாவதைக் கேள்வி என்று சொல்லலாமா தெரியவில்லை. தாயின் தகப்பனை எங்கள் வீட்டில் நாங்கள் "தாத்தா" என்போம். அயல் பிள்ளைகள் "அம்மப்பா" என்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே நாங்கள் யார் என்பது தெரிந்துவிடும். அயலில் உள்ள கோயிலில் திருவிழா உபயம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியாருக்கு உரியது. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நாள் கேட்டபோது, அன்னதானத்துக்கு அரிசி தாருங்கள், உபயம் ஊர்க்காரருக்குரியது என்று மரியாதையாகவே சொன்னார்கள். நான் இங்கே பிறந்தவள். பதுளையை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அங்கும் எங்களை யாருக்கும் தெரியாது.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர்

பிள்ளை, முதலில் அந்த மூன்று இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

பத்து ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒருவருடைய தனியார் காணியை, அவருடைய உரிமையை ஏற்காமல், இடையீடின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் தம் உரிமையை நிலைநாட்டலாம் என்பதே அதன் சாரம். அந்தச் சட்டம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ், அரச காணியில் பத்து ஆண்டு இருந்தாலும் நூறு ஆண்டு இருந்தாலும் காலம் மட்டும் உங்களுக்கு உரித்தைத் தராது. "ஆட்சி உறுதி" என்று அவர் சொல்வது, நான் இந்தக் காணியில் இருக்கிறேன் என்று நீங்களே எழுதி, நீங்களே கையொப்பமிட்டு, நொத்தாரிசு சாட்சிப்படுத்தும் ஒரு கூற்று. உங்களிடம் இல்லாத உரித்தை அந்தக் கடதாசி உண்டாக்காது. அதைவிட, அரச காணிக்கு உறுதி முடித்திருக்கிறீர்கள் என்பது பின்னர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு நல்ல அபிப்பிராயத்தையும் தராது.

அரசு கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறுதல் சட்டத்தின் கீழ், தகுதிவாய்ந்த அதிகாரி குறைந்தது 30 நாள் அவகாசத்துடன் வெளியேறும் அறிவித்தலைக் கொடுக்கலாம். வெளியேறாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே எத்தனை ஆண்டு இருந்தீர்கள், கிணற்றை யார் வெட்டினார், வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்பவற்றை நீதவான் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. வலுவிலுள்ள ஒப்பம் அல்லது அரசின் எழுத்துமூல அதிகாரம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். வெளியேற்றும் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. எழுத்தாணை (அதிகாரியின் முடிவை நிறுத்தும் அல்லது நீக்கும் நீதிமன்றக் கட்டளை) கேட்பதென்றால் திருகோணமலையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அதற்கு அந்த நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டபடியால், கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நாட்கூலிக் குடும்பம் ஒன்றுக்கு அது எவ்வளவு தூரம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பணியில் இருந்தபோது இந்த அறிவித்தல்களைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை மனவருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. "அரச காணி" என்று எல்லோரும் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். திருகோணமலையில் அந்த ஒரு சொல்லுக்குள் பல உடைமையாளர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலாளரின் பொறுப்பிலுள்ள காணி வேறு, துறைமுக அதிகாரசபைக்குரிய காணி வேறு, புகையிரதப் பாதையின் ஒதுக்கம் வேறு, வன இலாகாவின் காணி வேறு. பிரதேச செயலாளரால் தம் பொறுப்பிலுள்ள காணிக்கே ஒப்பம் வழங்க முடியும். மற்றவையாயின் அந்தத் திணைக்களம் முதலில் விடுவிக்க வேண்டும். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில், நில அளவை வரைபடத்தின்படி உங்கள் துண்டு யாருக்குரியது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். வாய்ப்பேச்சுக்கு நான்கு முறை அலைவதைவிட இது மேல்.

காணி பிரதேச செயலாளரின் பொறுப்பில் உள்ளதாயின், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒப்பமாகவோ, 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலக் குத்தகையாகவோ ஒழுங்குபடுத்த வழி உண்டு. போருக்குப் பிந்திய வடகிழக்கின் அரச காணிப் பிணக்குகளுக்கென்று 2013/01ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் வந்தது. அப்போது உங்கள் வீட்டார் படிவம் கொடுத்தார்களா என்று பழைய பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். காணிக் கச்சேரி (காணி கேட்போரை அதிகாரிகள் விசாரிக்கும் அமர்வு) வைக்கும்போது, குடியிருப்பின் காலத்தைக் காட்டும் சான்றுகளே உங்களுக்காகப் பேசும். நீதவான் முன் பயன்படாத அந்த நாற்பத்தைந்து ஆண்டுகள் பயன்படும் இடம் இதுதான். பழைய வாக்காளர் இடாப்பின் பிரதிகள், குடும்ப அட்டை, மின்பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, 1994இல் மீளக் குடியேறியதற்கான பதிவு ஆகிய எல்லாவற்றையும் ஆண்டு வரிசைப்படி அடுக்குங்கள்.

ஒப்பம் கிடைத்தால், பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவரை) உடனே பதியுங்கள். பதியாமல் இறந்தவர்களின் காணியில் மூத்த ஆண் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது என்றாலும், பதிவு இல்லாத இடத்தில் சகோதரர் சண்டை இன்றும் ஓயவில்லை.

மறுமொழி 2: ஊருக்குத் திரும்பியவன்

மேலே எழுதிய ஐயா அரச காணியைப் பற்றிப் பேசினார். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் பெற்றோருக்கு நகரத்துக்கு வெளியே இருபது பேர்ச் காணி இருந்தது. அறுதி உறுதி உள்ள தனியார் காணி. 1990இல் நாங்கள் வெளியேறினோம், 2010இல் திரும்பினோம். காணியில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. அவர்களும் எங்களைப்போல் துரத்தப்பட்டவர்கள்தாம். எங்கள் வெற்றுக் காணியைக் கண்டு ஒதுங்கியவர்கள். "பத்து வருடம் தாண்டிவிட்டது" என்று அவர்களுக்கும் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணியை நாட முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

கேள்வி கேட்ட சகோதரியின் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நகரத்தில் "வெறுங்காணி" என்று எதுவும் இருந்ததில்லை. ஆளில்லாத காணிதான் இருந்தது. உங்கள் தாத்தா துப்புரவாக்கிய பற்றைக்காடும் யாருடையதோ என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். எங்கள் விடயம் நீதிமன்றம் போகாமல், ஒரு குடும்பத்துக்கு ஆறு பேர்ச் எழுதிக் கொடுத்து, மற்றவர்கள் வீட்டுக்குச் செலவழித்ததில் ஒரு பகுதியைக் கொடுத்து முடிந்தது. அந்த ஆறு பேர்ச் வீட்டார் இன்று எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கிறார்கள். நல்லது கெட்டதற்கு வந்துபோகிறோம். ஆனாலும் என் தாயார் அந்த வேலிப் பக்கம் இன்றும் கதிரை போட்டு உட்காருவதில்லை.

மறுமொழி 3: திருக்கடலூர்க் கரையிலிருந்து

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கடற்கரையில் பிறந்தவன் என்பதால், மூன்றாவதாகக் கேட்டதைப் பற்றியே எழுதுகிறேன்; அதுதான் உண்மையில் முதலாவது கேள்வி என்று எனக்குப் படுகிறது.

கரையில் வந்தவர், இருந்தவர் என்ற கணக்கு நிலத்தில் உள்ளதுபோல் இல்லை. சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் வள்ளத்தோடும் வலையோடும் கிழக்குக் கரைக்கு வருவார்கள். வாடி (தற்காலிகக் கொட்டில்) அடிப்பார்கள், கருவாடு போடுவார்கள், வாடைக்காற்று எழும்பும் முன்னர் திரும்பிப் போவார்கள். எங்கள் பாட்டன் காலத்திலும் இது நடந்தது. கரைவலைக்கோ "பாடு" என்று ஓர் ஒழுங்கு உண்டு: இன்ன இடத்தில் இன்னார், இன்ன முறையில், ஒருவர் வளைத்து முடித்தபின் அடுத்தவர். கடலும் மணலும் எவருக்கும் சொந்தமில்லை, ஆனால் பாடு உண்டு. அந்தப் பாடு ஒழுங்கை மீறுபவனைத்தான் கரை அந்நியன் என்று பார்க்கும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பாடு பற்றிய தகராறில் வெட்டுக்குத்தும் நடந்திருக்கிறது, வந்தவர்களின் பின்னால் யாருடைய படை நிற்கிறது என்ற சந்தேகம் போர்க்காலத்தில் அந்த ஒழுங்கையே குலைத்தது. ஆனாலும், சொந்தமில்லாத இடத்தில் உரிமை இருக்க முடியும் என்பதை நான் சட்டப் புத்தகத்தில் படிக்கவில்லை, வலை இழுக்கும்போது படித்தேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபின், வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். பின்னர் தளர்த்தினார்கள். அதற்கிடையில் எங்களில் பலர் உள்நிலத்து வீட்டுத் திட்டங்களுக்குப் போய்விட்டார்கள். நல்ல சீமெந்து வீடுகள், கூரையில் ஓடு, வீட்டுக்கு இலக்கம், கையில் பத்திரம். ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு வள்ளத்தடிக்கு வர முச்சக்கரவண்டிக்குக் காசு வேண்டும். காற்று மாறுகிறதா என்று முற்றத்தில் நின்று பார்க்க முடியாது. என் சிற்றப்பா அந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கரையில் வலை வைக்கும் கொட்டிலில் படுப்பார். ஒருநாள் வந்த உத்தியோகத்தர் அவரை அத்துமீறிக் குடியிருப்பவர் என்று எழுதிக்கொண்டு போனார். தலைமுறை தலைமுறையாகப் பிறந்த மணலில் அத்துமீறியவர். பத்திரம் உள்ள இடத்திலோ அவரை அயலவருக்கே தெரியாது.

உபயம் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த ஊரின் மரபுக்கதையையே எடுத்துக்கொள்வோம். குளக்கோட்டன் சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து, தானம் என்றும் வரிப்பத்து என்றும் பிரித்து, கோணேசர் கோயில் தொழும்புக்கு (பணிக்கு) அமர்த்தினான் என்றல்லவா சொல்கிறோம்? அப்படியானால் ஊர்க்காரர் எல்லோரும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தாம். வந்தபோது ஒரு தொழும்பு கொடுத்தார்கள், தொழும்போடு முறை வந்தது, முறையோடு ஊர் வந்தது. ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957இல் கைமாறும் வரை, எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று "நாங்கள் பழைய திருகோணமலை" என்கிறார்கள். அவர்களையும் ஒரு காலத்தில் வந்தான் வரத்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். உங்களிடம் அரிசி வாங்கியிருக்கிறார்கள். அடுத்த முறை அரிசியோடு நிற்காதீர்கள். தேர் இழுக்கவும் தண்ணீர்ப்பந்தல் போடவும் உங்கள் ஒழுங்கை இளைஞர்களைக் கூட்டமாக அனுப்புங்கள். உபயம் உடனே வராது. பந்தல் நிற்கும் இடமாவது உங்களுடையதாகும்.

மறுமொழி 4: வாடகை வீட்டிலிருந்து ஓர் ஆசிரியை

முதலாம் தர அனுமதி பற்றி மட்டும் சுருக்கமாக எழுதுகிறேன். பலரும் இடம் கேட்கும் பாடசாலைகளில் 50 சதவீத இடங்கள் அருகில் வசிப்போருக்கானவை. அந்தப் பிரிவில், தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகள் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருப்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணத்துக்கும் புள்ளிகள் உண்டு. உறுதியோ ஒப்பமோ இல்லாதவர்களுக்கு அந்த வரிசையில் புள்ளி குறையும், ஆனால் விண்ணப்பிக்கும் உரிமை போகாது. வாக்காளராகப் பதிவதற்குக் காணி உரித்துத் தேவையில்லை, வழமையாக வசித்தால் போதும். ஆகையால் கிராம அலுவலர் படிவம் கொண்டுவரும்போது தாயும் தகப்பனும் ஒரே முகவரியில் பதியப்படுகிறீர்களா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். பலர் ஓராண்டு தவறவிட்டே இடத்தை இழக்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் ஒப்பம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். நாங்கள் பதினொரு ஆண்டுகளில் ஆறு வீடு மாறியவர்கள். பல வீட்டுக்காரர் உடன்படிக்கை எழுத மாட்டார்கள், தம் முகவரியில் எங்கள் பெயரைப் பதியவும் விடமாட்டார்கள். பதிந்தால் எழும்ப மாட்டார்கள் என்ற பயம். உங்களிடம் ஒரு கிணறாவது இருக்கிறது.

கேள்வி கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. அந்த ஆளிடம் இன்று மறுத்துவிட்டேன். முற்பணம் கொடுத்த இரு வீட்டாரிடமும் முதலாவது மறுமொழியை வாசித்துக் காட்டினேன். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார், மற்றவர் என்மீது கோபித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியவர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அது யாருடைய காணி என்று எங்கள் தாத்தா ஒருநாளும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பதற்கு அன்று ஆளும் இருக்கவில்லை. காணிக் கிளைக்கு எழுதும் கடிதத்தில் அதையே முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

பழைய தகரப் பெட்டியில் தேடியபோது, என் மாமாவின் 1982ஆம் ஆண்டுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது. வீட்டிலேயே மருத்துவிச்சி பார்த்த பிரசவம். பிறந்த இடம் என்ற கூட்டில் "நாலாம் கட்டை, திருகோணமலை" என்றும், அறிவிப்பவரின் வதிவிடத்திலும் அதுவே என்றும் எழுதி, தாத்தாவின் பெருவிரல் அடையாளம் இருக்கிறது. ஓரம் கறையான் அரித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. இது காணிக் கச்சேரியில் செல்லுமா ஐயா?

மறுமொழி 1இன் ஐயா

செல்லும் பிள்ளை, உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழையது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூலப் பிரதியை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவாளர் கிளையில் அதன் இலக்கத்தைக் காட்டி அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் இரண்டு எடுங்கள். ஒன்றைக் கோப்பில் சேருங்கள், மற்றதை வீட்டில் வையுங்கள். மூலப் பிரதியைக் கறையான் எட்டாத இடத்துக்கு இன்றே மாற்றுங்கள்.